மில்லிகிராமின் இரண்டு கைகள்

தன் தலையின் எடை கிராம் சுத்தமாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? மில்லிகிராமுக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடியோடு சேர்த்து ஐந்து கிலோ நூற்றுப் பன்னிரண்டு கிராம்.

மளிகைக் கடைத் தராசைச் சரிபார்க்கப் போனவர், பட்டப்பகல் இரண்டு மணிக்கு அந்தத் தராசுத் தட்டிலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனார். கடைக்காரர் எழுப்பவில்லை. எழுப்பினால் எண் அசைந்துவிடுமே! கடைக்கு வந்த நாலு பேரைச் சாட்சிக்கு நிறுத்தி, ஒரு பொட்டலத் தாளில் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் தோளைத் தட்டினார்.

மில்லிகிராம் என்பது ஊர் வைத்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சரிபார்ப்பது அவர் தொழில். அவருடைய தோல் பெட்டிக்குள் நீல வெல்வெட் குழிகளில் எடைக்கற்கள் பெரியவர் முதல் கடைக்குட்டி வரை வரிசையாகப் படுத்திருக்கும். கடைக்குட்டி ஒரு மில்லிகிராம். தும்மினால் பறந்துவிடும் தகட்டுத் துணுக்கு. எந்தக் கல்லையும் இடுக்கியால்தான் எடுப்பார். "விரல்ல இருக்கிற பிசுக்கு எடையைக் கூட்டிடும்" என்று கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். அவர் வேலை செய்யும் நேரத்தில் ஈ வந்து தட்டில் உட்கார்ந்தால், அதுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருமாம்.

வேலையோடு விசிலும் உண்டு. அது எந்த ராகம் என்று கேட்கக்கூடாது. ராகத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஏதோ ஒன்று. தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டால், எடையில் கொஞ்சம் கைவரிசை காட்டும் கடைக்காரர்கள் அவசர அவசரமாக நல்லவர்களாகி விடுவார்கள்.

அவர் மனைவி திரைச்சீலை தைப்பவள். ஜன்னலை ஒரு பார்வை பார்ப்பாள். "அஞ்சடி ரெண்டங்குலம்" என்பாள். நாடா எடுத்து அளந்தால் அஞ்சடி இரண்டங்குலம்தான் இருக்கும். மில்லிகிராம் அவளுக்குத் தெரியாமல் எத்தனையோ தடவை அளந்து பார்த்து, ஏமாந்து, தன் நாடாவைச் சுருட்டி வைத்திருக்கிறார். அவர் எண்ணை நம்புகிறவர். அவள் கண்ணை நம்புகிறவள். இருபத்தாறு வருஷமாக இந்த வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வந்தபாடில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் ஒருநாள் விசில் நின்றுபோயிற்று. சத்தம் போட்டு நிற்கவில்லை. எண்ணெய் தீர்ந்த விளக்குப்போல மெல்ல மெல்ல. படியேறினால் களைப்பு, பேசினால் களைப்பு, சும்மா இருந்தாலும் களைப்பு. சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி எது, மனுஷன் எது என்று தெரியாது. "ஒருநாள் தப்பா உங்களுக்கும் சேத்து உறை தைச்சுடப் போறேன்" என்றாள் மனைவி. முன்பானால் பதிலுக்குப் பதில் வந்திருக்கும். இப்போது "ம்" என்று மட்டும் வந்தது. அவள் அன்றைக்குத்தான் பயந்தாள். அந்த வாரமே தலை எடைபோட்ட கதையும் காதுக்கு வர, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஹார்மோன் டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா பழைய கோப்பைப் புரட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன் மில்லிகிராமுக்கு மூளைக்கு அடியில், பட்டாணி அளவுச் சுரப்பியில் ஒரு சின்னக் கட்டியை எடுத்திருந்தார்கள். கட்டி போய்விட்டது, சுரப்பி மட்டும் அசந்து போயிருந்தது.

"மேனேஜர் தூங்கிட்டாரு. அதனால கீழ தொழிற்சாலையில வேலை நடக்கல" என்றார் டாக்டரம்மா, ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்ததும். "டெஸ்டோஸ்டிரோன்னு ஒரு ஆண் ஹார்மோன். குறைஞ்சது முந்நூறு இருக்கணும், ஆயிரம் வரைக்கும் இருக்கலாம். உங்களுக்கு நூத்தி நாப்பது. ரெண்டு காலையில தனித்தனியா எடுத்துப் பாத்தாச்சு."

"நூத்தி நாப்பது என்ன டாக்டர்? மில்லிகிராமா?"

"நானோகிராம், நூறு மில்லி ரத்தத்துக்கு. ஒரு மில்லிகிராமைப் பத்து லட்சம் துண்டாக்கினா, அதுல ஒரு துண்டு."

மில்லிகிராம் அப்படியே வாயைப் பிளந்து உட்கார்ந்துவிட்டார். தொழிலுக்கு வந்த முப்பத்தொரு வருஷமாகத் தன்னைவிடச் சின்னதாக ஒருவன் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அல்லவா!

மருந்து ஒரு களிம்பு. தினம் காலையில் குப்பியின் தலையை இரண்டு அழுத்து அழுத்தி, வருவதைத் தோள்பட்டையில் தடவ வேண்டும். ஓர் அழுத்துக்கு இருபது மில்லிகிராம் மருந்து. தடவிய இடம் காயும்வரை மனைவி ஒட்டி நிற்கக்கூடாது. அவள் மேல் பட்டால் அவளுக்கு ஆகாது.

"அப்போ காலையில கட்டிப்பிடிக்கக் கூடாதா?" என்று மனைவி கேட்டாள்.

"சட்டை போட்டப்புறம் தாராளமா."

"பரவால்ல டாக்டர். இருபத்தாறு வருஷத்துல காலையில கட்டிப்பிடிச்சது மொத்தம் ரெண்டு தடவை. ஒண்ணு தடுக்கி விழுந்தப்போ."

மூன்று மாதத்தில் எண் ஐந்நூற்று நாற்பதுக்கு வந்தது. விசிலும் வந்தது. ஒரு நாள் குளியலறையில் வந்தது, மறுநாள் தெருவில் வந்தது, அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது.

நல்லபடியாக நடந்தால் மில்லிகிராமுக்குப் பிடிக்காதே! ஒரு காலையில், தோளில் தடவிய களிம்பைச் சட்டை உறிஞ்சுகிறதோ என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது, அவர் சட்டையை எடைபோட்டார். போடும் முன் ஒரு எடை. அரைமணி நேரம் போட்டுக் கழற்றி ஒரு எடை. முப்பத்திரண்டு மில்லிகிராம் கூடியிருந்தது!

"பாத்தியா? திருட்டுச் சட்டை! பாதி மருந்து இது குடிக்குது!"

"வேர்வைன்னு ஒண்ணு உண்டு, தெரியுமா?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

அது அவர் காதில் ஏறவில்லை. அரைக்கைச் சட்டைக்காரர், சட்டை எட்டாத இடம் எதுவென்று யோசித்தார். சட்டைக் கை முடிகிற இடத்திலிருந்து கீழே முழங்கை மடிப்புவரை, துணி தொடாத நல்ல வழவழப்பான தோல். வலது கைக்காரர் ஆனதால் இடது கையில் தடவுவது வசதி. அன்றிலிருந்து இரண்டு அழுத்தும் இடது முழங்கை மடிப்பில்தான். ஒரு துளி வீணாகவில்லை என்று பெருமை வேறு. டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை, இதெல்லாம் தொழில் நுணுக்கம், சொன்னால் புரியுமா என்று நினைத்திருக்கலாம்.

நாலு மாதம் கழித்து ரத்தம் கொடுக்கப் போனார். பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு ஒருகுத்து என்று பெயர். ஒரே குத்துதான், இரண்டாவது குத்து அவள் சரித்திரத்திலேயே கிடையாது. மில்லிகிராமின் வலது கை நரம்பு ஒளிந்து விளையாடும் என்பதால் எப்போதும் இடது கைதான் கேட்பாள். முழங்கை மடிப்பில் பஞ்சால் ஒரு துடை, ஒரு குத்து, முடிந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ரெண்டாயிரத்து நூத்தி எண்பது! என்ன சார், குப்பியைக் குடிக்கிறீங்களா?"

"ரெண்டே ரெண்டு அழுத்துதான் டாக்டர். சத்தியமா."

"இவ்வளவு போகக் கூடாது. ஹார்மோன் எகிறினா ரத்தத்துல சிவப்பணு கூடும், ரத்தம் கெட்டியாகும், அடைப்பு வரலாம்." டாக்டரம்மா அடுத்த வரிக்குப் போனார். ஹீமாடோகிரிட் என்ற வரி. நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்ற கணக்கு. "இது நாப்பத்தாறு. போன தடவையும் நாப்பத்தாறு. இது மட்டும் ஏறவே இல்லையே..." என்று பேனாவால் தட்டினார். பிறகு பத்திரமான வழியையே எடுத்தார். "ஒரு அழுத்து போதும். ஆறு வாரத்துல பாப்போம்."

ஒரு அழுத்து ஆனது. இரண்டாவது வாரம் தெருவில் விசில் நின்றது. நாலாவது வாரம் குளியலறையிலும் நின்றது. ஆறாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். மில்லிகிராம் நாற்காலிக்குத் திரும்பினார். ஆனால் ரிப்போர்ட்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது!

"இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. அவர் முகத்திலும் குழப்பம். "அப்பவும் இப்படியே இருந்தா மருந்தை அடியோட நிறுத்திட்டு, உடம்புக்குள்ள வேற எங்கயாவது இது சுரக்குதான்னு தேடணும்."

அடியோடு நிறுத்துவது என்றால் என்னவென்று மில்லிகிராமுக்குத் தெரியும். பொட்டலத் தாளில் எழுதி வைத்திருக்கிறார்களே, ஐந்து கிலோ நூற்றுப் பன்னிரண்டு கிராம்!

"இந்த நம்பர் பொய்" என்றாள் மனைவி, வாசற்கதவைத் திறந்துகொண்டே.

"நம்பர் எப்படிப் பொய் சொல்லும்? அவ்வளவு பெரிய மெஷின்."

"நான் பாக்கறேனே! ரெண்டாயிரம் உள்ள ஆள் இப்படியா இருப்பான்? ஈரத் துணி கொடியில கிடக்கற மாதிரி இருக்கீங்க. மூஞ்சியில நூத்தி நாப்பதுதான் தெரியுது. வேணும்னா நூத்தி அறுபதுன்னு வெச்சுக்கலாம்."

"மெஷின் பொய் சொல்லாது."

"அப்புறம் எதுக்குங்க ஊர்ல உள்ளவங்க எல்லாம் மெஷினைப் பாக்க உங்களைக் கூப்பிடறாங்க?"

வழக்கில் முதல் தடவையாக மில்லிகிராம் தரப்பு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தது. ஆனால் தோற்றதாக ஒப்புக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் மனைவியின் தம்பி. ரொட்டிக் கடை வைத்திருப்பவன். "அத்தான், தராசுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. பன்னெல்லாம் சட்டைப் பொத்தான் சைஸுக்கு வருது, ஜனங்க கோத்து மாலை போடறேங்குது. உடனே வாங்க" என்று ஃபோன் செய்தான். மில்லிகிராம் காலை இழுத்து இழுத்துப் போனார். பெட்டியைத் திறந்தார், தட்டைத் துணியால் துடைத்தார், இடுக்கியால் ஒரு கிலோ கல்லை வைத்தார். ஆயிரம் கிராம். முடி அளவுகூட மாறவில்லை.

"சரியாத்தானே இருக்கு மாப்ள?"

"நீங்க வந்தா ஒழுங்கா இருக்கும் அத்தான். நீங்க போனா ஆட்டம் போடும். ஸ்கூல் பசங்க மாதிரி."

"சரி, நீ உன் வேலையைப் பாரு. நான் இங்க உக்காந்திருக்கேன்." உட்கார்வது அவருக்கு அப்போது கஷ்டமான காரியம் இல்லை.

மச்சான் வெண்ணெய்க் கையோடு மாவைக் கிள்ளித் தட்டில் அறைந்தான், எண்ணைப் பார்த்தான், எடுத்து உருட்டினான். அடுத்தது. அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய பிசுக்கு தட்டிலேயே தங்கியது. நாற்பதாவது உருண்டையை எடுத்தபோது, வெறும் தட்டு எட்டு கிராம் காட்டியது.

மில்லிகிராம் சிரித்தார். "அட மாப்ள, தராசு மேல பழி போடறியே! தராசு ஒழுங்கா இருக்கு. தட்டுலதான் பிசுக்கு. நான் வந்ததும் தொடச்சுடறேன், அதனால எனக்குத் தெரியல. தட்டுல இருக்கறதை மாவுன்னு நெனச்சு நீ..."

பாதியில் நிறுத்திவிட்டார். மெதுவாக இடது கையை நீட்டினார். முழங்கை மடிப்பை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, ஏதோ அறிமுகமில்லாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். காலையில் தடவியது அங்கே காய்ந்து மினுக்கியது. அதன் நடுவே பழைய ஊசிப் புள்ளி.

அடுத்த நொடி எழுந்து, மேசையில் பரப்பியிருந்த மாவின் மேல் விரலால் கணக்குப் போட ஆரம்பித்தார்.

"அத்தான், மாவுல எழுதாதீங்க!"

"சும்மா இரு. ஒரு அழுத்து இருபது மில்லிகிராம். நானோகிராம் கணக்குல ரெண்டு கோடி. கேக்கறியா? ரெண்டு கோடி! என் கையில இருக்கறது. அவ எடுக்கற ரத்தம் ஒரு சின்னக் குழாய், அஞ்சு மில்லி. அதுக்குள்ள நம்பர் இவ்வளவு எகிற எத்தனை நானோகிராம் வேணும்? எண்பது, தொண்ணூறு. ரெண்டு கோடியில தொண்ணூறு! ஊசி முனையில ஒட்டினாலே போதுமே!"

"நல்லதா கெட்டதா, அதைச் சொல்லுங்க."

"எடைக்கல்லை இடுக்கியால தூக்கறவன் நான். விரல் பிசுக்கு படக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். என் தட்டை நானே தொடைக்காம விட்டுட்டேன் மாப்ள!"

அந்த மாவில் அன்றைக்குச் செய்த பன்னைத் தின்றால் மூளை கூடும் என்று மச்சான் பிற்பாடு கடையில் சொல்லி விற்றதாகக் கேள்வி. அது போகட்டும்.

ஃபோனில் விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா, "எங்க தடவறீங்கன்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும். தப்பு என்னோடதும்தான்" என்றார். "நாளைக்கே வலது கையில எடுத்துப் பாப்போம்."

"ஒரு கை போதாது டாக்டர். ஒரே நேரத்துல ரெண்டு கையிலயும் எடுக்கணும். ஒரு தராசு தப்பா காட்டுதுன்னா, அதே சாமானைப் பக்கத்துல இன்னொரு தராசுலயும் போட்டுப் பாக்கணும். அதுதான் முறை."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பரிசோதனைக்கூடத்துக்கு எழுதி அனுப்பினார். ஒருகுத்து சிரிக்கவில்லை.

"ரெண்டு கையிலயுமா? சார், ஒரே உடம்பு, ஒரே ரத்தம். இடது கையில ஒரு குரூப்பு, வலது கையில ஒரு குரூப்பா ஓடுது?"

"அதைத்தாம்மா பாக்கப் போறோம். எப்பவும் போல இடது கையில தடவிட்டு வந்திருக்கேன். வலது கை சுத்தம். சோப்புப் போட்டு மூணு தடவை கழுவியாச்சு."

"உங்க வலது கை நரம்பு என் பேரைக் கெடுத்துடும் சார்."

இடது கை சட்டென்று முடிந்தது. வலது கையை அவள் தட்டினாள், தடவினாள், கெஞ்சினாள். கூடத்தில் காத்திருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். மில்லிகிராம் மூச்சைப் பிடித்துக்கொண்டார், தராசுத் தட்டில் ஈ உட்கார்ந்த மாதிரி. ஒருகுத்து கண்ணை மூடி, திறந்து, குத்தினாள். குழாயில் சிவப்பு ஏறியது. காத்திருந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். அவருக்குச் சர்க்கரைப் பரிசோதனை, அவருடைய முறை அடுத்தது.

மறுநாள் இரண்டு தாள்களையும் டாக்டரம்மா மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மனைவியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சர்க்கரை: இடது தொண்ணூற்றாறு, வலது தொண்ணூற்றாறு. ஹீமாடோகிரிட்: இடது நாற்பத்தைந்து, வலது நாற்பத்தைந்து. ஒரே ரத்தம்தான், சந்தேகமில்லை. டெஸ்டோஸ்டிரோன்: இடது ஆயிரத்து எண்ணூற்று எழுபது. வலது இருநூற்று அறுபது.

"இருநூத்தி அறுபது!" மில்லிகிராம் மேசையைத் தட்டினார். முந்நூறைத் தொடவில்லை என்பதற்காக மனிதன் இப்படிச் சந்தோஷப்பட்டு அந்த அறை பார்த்ததில்லை.

"மிச்சமெல்லாம் தோல்ல இருந்த களிம்பு" என்றார் டாக்டரம்மா. "சிவப்பணு ஏறலையேன்னு நான் அன்னைக்கே நின்னு யோசிச்சிருக்கணும். ஒரு நம்பர் குதிச்சு, அதோட கூடப் போக வேண்டிய நம்பர் குதிக்கலைன்னா, நம்பரை நம்பறதுக்கு முன்னாடி ஆளைப் பாக்கணும்."

"நான் பாத்தேன் டாக்டர்" என்றாள் மனைவி. "நூத்தி அறுபதுன்னு சொன்னேன்."

"நூறு கம்மியாச் சொன்னே" என்றார் மில்லிகிராம். கண்ணளவு ஒரு தடவையாவது பிசகியதில் அவருக்கு இருபத்தாறு வருஷத் திருப்தி.

பழையபடி இரண்டு அழுத்து. தோளில் மட்டும், காய்ந்த பிறகு சட்டை. ரத்தம் எடுப்பது தடவி நாலு மணி நேரம் கழித்து, எப்போதும் அதே நேரத்தில், களிம்பு படாத தோலில். "இதெல்லாம் குப்பியோட வந்த தாள்லயே இருக்குமே, படிக்கலையா?" என்று டாக்டரம்மா கேட்டபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நேராகச் சமையலறைக்குப் போய், மில்லிகிராமின் வீட்டுத் தராசு இருக்கும் மேசைக்கு அடியில் குனிந்தாள். அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. தராசு மட்டமாக நிற்க வேண்டுமே என்று, எட்டாக மடித்த ஒரு தாளை அவர் அந்தக் காலுக்கு அண்டை கொடுத்திருந்தார். உருவிப் பிரித்தாள். எறும்பு எழுத்தில், ஆறாவது வரி: தோள்களில் மட்டும் தடவவும். ஒன்பதாவது வரி: தடவிய இடத்தில் ரத்தம் எடுக்கக் கூடாது.

"ஏங்க, மருந்துத் தாளு மேசைக்கு நல்லா வேலை செஞ்சிருக்கு."

தாளை உருவியதும் மேசை ஆடியது. அவர் பதறிப்போய்த் தராசைப் பிடித்துக்கொண்டார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தையல் கூடையிலிருந்து, வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத அளவு நாடாவை எடுத்து, சுருளோடு அந்தக் காலுக்கு அடியில் தள்ளினாள். மேசை நின்றது. தராசில் மட்டம் காட்டும் குமிழி நட்டநடுவில் நின்றது.

மூன்று மாதத்துக்குப் பிறகு வலது கையில் எடுத்த ரிப்போர்ட் ஐந்நூற்று அறுபது என்றது. பரிசோதனைக்கூடத்தில் அதை உறையில் போட்டுக் கொடுத்தபோது, மனைவி வீட்டில் ஒரு நீளமான ஜன்னலுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ராகத்துக்குப் பக்கத்து வீட்டு விசில் கேட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் காதைத் தீட்டினாள்.

"ஐந்நூத்தி அறுபது" என்றாள், யாரும் இல்லாத அறையில். பிறகு பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.